மூன்று விசாவும் ஒரு பல்லும்

என் நாத்தனாருக்கு வீட்டில் பெயர் நிதானம். வைத்தவள் நான்தான். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அவளோடு செருப்புக் கடைக்குப் போனேன். ஒரு காலில் கறுப்பு, மறு காலில் பழுப்பு என்று மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள் நின்றவள்தான். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, "நாளைக்கு வந்து பார்க்கலாமா அண்ணி?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். முடியவில்லை. இப்போதுதான் தூங்கி எழுந்தவள் மாதிரி, எதையோ நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருக்கும் முகம் அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கோபத்தைப் பிடித்து வைத்திருக்க யாராலும் ஆகாது.

காலையில் டீ குடிக்கும்போது அவள் கண்ட கனவைச் சொல்லுவாள். என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். மாமியார் பாத்திரங்களை உருட்டுவார். கேட்பது நான் ஒருத்திதான். வேண்டாவெறுப்பாகக் கேட்பதுபோல் கேட்பேன். உண்மையில் அவள் கனவைக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

இப்படிப்பட்டவள் வேலையில் மட்டும் வேறு ஆள். பல் செய்கிற லேப்பில் இருந்தாள். உடைந்த பல்லுக்கு டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பீங்கானில் பல் செய்து, பக்கத்துப் பல்லின் நிறம் வரும்வரை மெல்லிய தூரிகையால் பூசிப் பூசிச் சின்ன உலையில் சுட்டெடுப்பது அவள் வேலை. முன்பல் என்றால் ஆளையே லேப்புக்கு வரச் சொல்லிவிடுவாள். வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, வெவ்வேறு நிறத்தில் வரிசையாகக் கோத்த மாதிரிப் பற்களை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, ஒரே பார்வை. உடனே கண்ணை எடுத்து எதிரே உள்ள சாம்பல் நிறச் சுவரைப் பார்ப்பாள். மறுபடி ஒரு பார்வை. முடிந்தது.

"எப்படிடி அவ்வளவு சீக்கிரம்? செருப்புக்கு ஒரு நாள் ஆகுதே!" என்று ஒரு முறை கேட்டேன்.

"ரொம்ப நேரம் பார்த்தா கண்ணு பொய் சொல்லும் அண்ணி. பல்லும் காஞ்சுடும். காஞ்ச பல்லு வெள்ளையாத் தெரியும். அதை நம்பிப் பண்ணினா, வாயை மூடி ஈரம் பட்டதும் நம்ம பல்லு மட்டும் தனியாப் பளிச்சுன்னு நிக்கும்."

அத்தனை வருஷத்தில் அவள் அந்தத் தப்பை ஒரே ஒரு முறைதான் செய்தாள்.

லேப் இருந்த கட்டடத்தில் புதிதாக லிஃப்ட் போட்டார்கள். அதைப் பொருத்தி ஓடவைக்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். உயரமான ஆள், பெரிய கை, பேச்சு குறைவு. லிஃப்ட் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டாம். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது ஸ்க்ரூவைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அவரும் கவ்வினார். கால் தடுக்கியது. ஸ்க்ரூ தப்பித்தது, முன்பல் போயிற்று. பல் டாக்டர் மேல் மாடி லேப்புக்கு அனுப்ப, தான் இன்னும் முடிக்காத லிஃப்டைத் திட்டிக்கொண்டே படியேறி வந்தார்.

நிதானம் அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள். மாதிரிப் பற்களைத் தூக்கினாள். பார்த்தாள். சுவரைப் பார்க்க மறந்தாள். அவர் வாயைத் திறந்தபடியே இருந்தார். மூடச் சொல்லவில்லை, அவருக்கும் மூடத் தோன்றவில்லை. லேப்பில் இருந்தவர்கள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. பல் தயாராகி மாட்டிய பிறகு பார்த்தால், பக்கத்துப் பற்களைவிட ஒரு நிறம் கூடுதல் வெள்ளை. சிரித்தால் அது ஒன்று மட்டும் முன்னால் வந்து வணக்கம் சொன்னது.

அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழியில் அவர் சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொன்னபோது காது மடல் சிவந்திருந்தது. "நீ என்னை ரொம்ப நேரம் பார்த்ததுக்கு இதுதான் அத்தாட்சி. தர மாட்டேன்னு சொல்றாரு அண்ணி."

"போச்சுடா!" என்றேன்.

லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. அவர் ஊருக்குத் திரும்பினார். போன் வந்தது, வந்துகொண்டே இருந்தது. அங்கே சாயங்காலம் ஆகும்போது இங்கே விடியும். அவர் போனை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் நடப்பார், இவள் திரையில் பார்த்தபடி பின்னாலேயே போவாள். மாடிப்படியில் எந்தப் படி முனகும், சமையலறைக் குழாயை எந்தப் பக்கம் திருகினால் நிற்கும் என்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். சில நாள் இரண்டு பேரும் பேசவே மாட்டார்கள். போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு அவர் ஏதோ பழுது பார்த்துக்கொண்டிருப்பார், இவள் இங்கே துணி மடிப்பாள். ஒரு நாள் மாமியார் பதறிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். கொடியில் காய்ந்த துணியை எல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து, "மழை கொட்டுது, ஒருத்திக்காவது காது கேக்குதா?" என்று சத்தம் போட்டார். வெளியே சுள்ளென்று வெயில். மழை அவர் ஊரில் பெய்துகொண்டிருந்தது, போன் வழியாக.

அன்றைக்குத்தான் மாமியார் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார். "இப்படியே போன்ல குடித்தனம் பண்றதுக்குக் கல்யாணத்தைப் பண்ணித் தொலைங்க."

கல்யாணம் முடிவானது. எப்படிப் போவது என்பது முடிவாகவில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே விசா ஆலோசகர் ஒருவர் இருந்தார். மேஜையில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே பல நாட்டு விமானங்களின் படங்கள். நாங்கள் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம், என் வீட்டுக்காரர், நான், நிதானம். ஆலோசகர் பேனாவைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

"மூணு வழி இருக்குங்க. ஒண்ணு, விசிட் விசா. சீக்கிரம் கிடைக்கும். சுற்றிப் பார்க்கப் போறோம்னு சொல்லிட்டுப் போய், அங்கே கல்யாணத்தை முடிச்சுக்கலாம். அப்புறம் நடக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம். ரெண்டாவது, நிச்சயமான பொண்ணுன்னு விசா. போய் இறங்கி, அவங்க சொல்ற கெடுவுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கணும். இதுவும் அவ்வளவு தாமதமாகாது. ஆனா அடுத்த பேப்பர் வர்ற வரைக்கும் வேலைக்குப் போகக் கூடாது, ஊருக்கும் திரும்பி வரக் கூடாது. அது எப்ப வரும்னு கேக்காதீங்க, ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம். மூணாவது, மனைவி விசா. அவரு இங்க வந்து பதிவுக் கல்யாணம் பண்ணிட்டுத் திரும்பிப் போகணும். அங்கேயிருந்து மனு போடணும். இவங்க இங்க காத்துக்கிட்டு இருக்கணும். அதுவும் ஒரு வருஷம், மேலயும் ஆகலாம். ஆனா விசா கையில வந்துட்டா, இறங்கின அன்னிக்கே வேலைக்குப் போகலாம்."

காத்திருப்பது என்ற சொல்லைக் கேட்டதும் நிதானத்தின் கை அவள் கைப்பையின் வாரை முறுக்கியதை நான் பார்த்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். முன்பே ஒரு முறை அவளுக்கு நிச்சயமாகி இருந்தது. அந்த ஆள் வேலைக்கு வெளியூர் போனான். ஒரு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்றான். தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றானது, பிறகு பண்டிகை வாழ்த்தைப்போல எப்போதாவது, பிறகு அதுவும் இல்லை. இவள் அவனைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகு காலம் காலை டீயில் கனவு இல்லாமல் இருந்தது. அந்த மௌனத்தை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது. அதனால் எனக்கு ஒரே எண்ணம்தான், எந்த விசாவானாலும் சரி, சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்.

முதல் வழியை வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் நான் அதிகாரியாக, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எதுக்காக எங்க நாட்டுக்கு வர்றீங்க?"

"கல்யாணம் பண்ணிக்க."

"சுற்றிப் பார்க்கன்னு சொல்லணும்டி!"

"ஆமா, மறந்துட்டேன். மறுபடி கேளுங்க."

"எதுக்காக வர்றீங்க?"

"சுற்றிப் பார்க்க."

"என்னென்ன பார்க்கப் போறீங்க?"

அவள் கண் மேலே போனது. "அவர் வீட்டு மாடிப்படி. முனகுற படி. அப்புறம் அந்தக் குழாய்."

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விசிட் விசா அந்த மேஜையோடு முடிந்தது. பொய் சொல்லிவிட்டுப் போய் அங்கே உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பது அவளால் ஆகிற காரியமும் இல்லை.

மீதி இரண்டு. வீடு இரண்டாகப் பிரிந்தது.

"கல்யாணக் கையெழுத்து ஆனப்புறம்தான் என் தங்கச்சியை அனுப்புவேன்," என்றார் என் வீட்டுக்காரர். "அங்கே போய் இறங்கினப்புறம் அவன் மனசு மாறினா? வேலையும் கிடையாது, திரும்பியும் வர முடியாது. நடுத்தெருவுல நிப்பா."

"இங்கே உக்கார வச்சு மனசு மாறினா மட்டும் இனிக்குமா? ஏற்கெனவே ஒருத்தன் மாறலையா? ஆற அமர யோசிக்கிற வயசா இது? ரெண்டாவது விசாதான். நாளைக்கே போகட்டும்," என்றேன் நான்.

"நீ வாயை மூடு."

"நீங்க பேப்பரை மூடுங்க."

இப்படி நாங்கள் இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, போக வேண்டியவள் ஜன்னலில் சாய்ந்து, எதிர் வீட்டு மாடியில் யாரோ உதறிய போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையிடம் போனில் கேட்டதற்கு, உனக்கு எது சரியோ அதுதான் எனக்கும் என்றாராம். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர் மேலும் எரிச்சலாக வந்தது. யாராவது ஒருவராவது அடித்துச் சொல்லக் கூடாதா?

அடுத்த நாள் காலை டீயில் அவள் கனவைச் சொன்னாள்.

"அவர் வீட்டுச் சமையலறையில இருக்கேன் அண்ணி. வெளிச்சம் அப்படி அழகா இருக்கு, நிறம் பார்க்கத் தோதான வெளிச்சம். மேஜை மேல பல்லு அச்சு வரிசையா இருக்கு. யாருக்கோ அவசரம், சீக்கிரம் பண்ணணும். தூரிகையை எடுக்கப் போறேன், என் சட்டைக் கையோட வாய் தைச்சிருக்கு. ரெண்டு கையும் உள்ளே இருக்கு, வெளியே வரல. அவரு வந்து, 'பரவாயில்ல, நான் ஊட்டி விடுறேன்'னு சொல்றாரு. எவ்வளவு அன்பாச் சொல்றாரு தெரியுமா! எனக்கு அழுகை அழுகையா வருது."

என் வீட்டுக்காரரின் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

மத்தியானம் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்து பின்கட்டில் நின்றாள். அங்கே பூச்சு மட்டும் பூசி வண்ணம் அடிக்காத சுவர் ஒன்று உண்டு, சாம்பல் நிறம். "அண்ணி, ரெண்டு விசாவையும் மறுபடி சொல்லுங்க. சீக்கிரமாச் சொல்லணும்," என்றாள்.

"சீக்கிரம் போகலாம், கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். இல்லன்னா இங்கே காத்துக்கிட்டு கிடக்கணும், போனதும் வேலை செய்யலாம்."

அவள் சுவரைப் பார்த்தாள். "இன்னொரு தடவ."

சொன்னேன். அவள் என்ன செய்கிறாள் என்று அதற்குள் புரிந்துவிட்டது.

"மூணாவது," என்றாள்.

"பயமா இல்லையாடி?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா சும்மா உக்கார்ந்து அவரையே பார்த்துக்கிட்டு இருந்தா, நான் அவருக்குத் தப்பாத் தெரிய ஆரம்பிச்சுடுவேன் அண்ணி. அவரும் எனக்கு."

எனக்கு வந்த கோபத்தில் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். அன்று சாயங்காலம்வரை அவளோடு பேசவில்லை.

அவர் வந்தார். பதிவு அலுவலகத்தில் மின்விசிறி கடகடக்க, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாமியார் வாயார "மாப்பிள்ளை" என்று கூப்பிட, அவர் "சொல்லுங்கள் அம்மா" என்று புத்தகத் தமிழில் பணிந்து நின்றார். போனில் ஏதோ பாடம் படித்துக் கற்றுக்கொண்டதாம். எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் அந்த வெள்ளைப் பல்தான் முதலில் தெரிந்தது. சில வாரங்கள் இருந்தார். எங்கள் வீட்டில் கதவு, குழாய், ஜன்னல் கொக்கி என்று ஆடுவது, முனகுவது எல்லாவற்றையும் சரிசெய்தார். ஸ்க்ரூவை வாயில் வைக்கப் போகும்போதெல்லாம் நிதானம் கையை நீட்டுவாள், அவர் சிரித்துக்கொண்டே அதை அவள் உள்ளங்கையில் வைப்பார். இனிமேல் வாயில் வைக்க மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். விடுப்பு முடிந்து போனார்.

காத்திருப்பு ஆரம்பித்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் லேப்புக்குப் போனாள், வந்தாள், கனவு சொன்னாள். கனவில் லிஃப்ட் அடிக்கடி வந்தது. கதவு திறந்தால் சில நாள் கடல், சில நாள் எங்கள் பின்கட்டு. அங்கே மழை, வெயில், இலை உதிர்வது எல்லாம் எங்கள் சமையலறையில் கேட்டது. மாமியார் இப்போதெல்லாம் மழைச் சத்தம் கேட்டால் முதலில் போனைப் பார்த்துவிட்டுத்தான் கொடியைப் பார்ப்பார். விசா மட்டும் வரவில்லை. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்.

பிறகு ஒரு நாள் அவர் முகம் வரவில்லை. கேமரா கெட்டுவிட்டது என்றார். மறுநாளும் கெட்டிருந்தது. அதற்கடுத்த நாளும். பேச்சும் சுருங்கியது. ஆமாம், இல்லை, சரி, நாளைக்குப் பேசலாம். குரலே ஒரு மாதிரி மழுப்பலாக இருந்தது. ஒரு வாரம் ஓடியது. உலகத்தில் இருக்கிற எல்லாக் கதவையும் ரிப்பேர் செய்கிற மனிதருக்குத் தன் போனின் கேமராவைச் சரிசெய்ய முடியாதா?

காலை டீயில் கனவு நின்றது.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு டீயில் ஆடை படரும்வரை உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு. "நான் அப்பவே சொன்னேன்ல? கேட்டியா?"

"சொன்னீங்க அண்ணி," என்றாள்.

அந்தச் சமயம் பார்த்துப் போன் அடித்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ, அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"தம்பி, கேமராவைப் போடுங்க."

"அண்ணி... கேமரா பழுது..."

"போடுங்கன்னா போடுங்க! எதுவானாலும் எங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. இந்தப் பொண்ணு இன்னொரு தடவ தாங்க மாட்டா."

பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. அந்தச் சமையலறை, அந்தக் குழாய், அவர். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையை எடுத்தார்.

முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை.

"ஸ்க்ரூ," என்றார், குற்றவாளி மாதிரி.

நிதானம் போனை என்னிடமிருந்து பிடுங்கினாள். அவள் குரல் உயர்ந்து அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. "வாயில வைக்காதீங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்! சத்தியம் பண்ணீங்களே!" என்று தமிழிலேயே கத்தினாள், கத்திக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். சத்தியத்தை மீறியதற்கு வெட்கப்பட்டு அந்த மனிதர் ஒரு வாரமாக முகத்தை மறைத்திருக்கிறார். உடைந்தது அவள் செய்த பல். அங்கே உள்ள டாக்டர் வேர்மேல் வலிக்காமல் ஏதோ பூசிவிட்டு, ஒரு வாரத்தில் புதுப்பல் வைத்துவிடலாம் என்றிருக்கிறார். இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

"ஏன் தம்பி?" என்றேன், குரல் இறங்கிப்போய்.

அவர் நிமிர்ந்து, ஓட்டை வழியாகக் காற்றுப் போக, மனப்பாடம் செய்தவர்போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "என் மனைவி வருவாள். அவள் செய்வாள்."

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். சாம்பல் சுவரைப் பார்த்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

அதற்குப் பிறகும் மாதங்கள் ஆயின. அவர் அந்த ஓட்டையோடே வேலைக்குப் போனார், கடைக்குப் போனார், எங்களைப் பார்த்துச் சிரித்தார். நிதானத்துக்கு மட்டும் பயம் போயிருந்தது. மனிதர் காத்திருக்கிறாரா என்று இனி யோசிக்க வேண்டியதில்லை, வாயைத் திறந்தாலே தெரிந்தது. விசா ஒரு சாதாரணப் பகலில், அவள் உலையில் பல் வைத்திருந்த நேரத்தில் வந்தது. அந்தப் பல் சுட்டு முடியும்வரை இருந்து எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

கிளம்பும் அன்று வாசலில் கறுப்புச் செருப்பும் பழுப்புச் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவள் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கறுப்பை எடுத்து அவள் காலடியில் போட்டேன். "விமானம் உனக்காக நிக்காது தாயே." லேப்பில் அவளுக்குப் பரிசாகக் கொடுத்த மாதிரிப் பற்களின் வரிசை கைப்பையில் இருந்தது. புதுப்பல் எதையும் செய்து எடுத்துக்கொள்ளவில்லை. "நேர்ல பார்க்காமப் பண்ண முடியாது அண்ணி," என்றாள். அவளை அணைத்துக்கொண்டபோது என் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. போனவுடன் கனவைச் சொல்லு என்று மட்டும் சொன்னேன்.

அங்கே சீக்கிரமே ஒரு லேப்பில் சேர்ந்துவிட்டாள். அவர் பல்லைத்தான் முதலில் செய்யப் போவதாகச் சொன்னாள். பிறகு ஒரு காலையில், நான் டீயோடு உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. திரையில் இரண்டு பேரும். அவர் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார், பிறகு சிரித்தார்.

பார்த்தவுடன் தெரிந்தது. அந்த ஒரு பல் மட்டும் ஒரு நிறம் கூடுதல் வெள்ளையாக முன்னால் வந்து நின்றது.

"அடியே! மறுபடியும் சொதப்பிட்டியா? அங்கேயும் வாயைப் பார்த்துக்கிட்டு நின்னியா?"

"இல்ல அண்ணி. மொதல்ல கரெக்டாத்தான் பண்ணேன். ஒரே பார்வைதான், சுவரைக்கூடப் பார்த்தேன். எது என் பல்லுன்னு டாக்டரே கண்டுபிடிக்கல." அவள் அவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "மாட்டிப் பார்த்தா யாரோ மாதிரி இருந்தாரு. என்னால முடியல. கழட்டிட்டு, பழையபடியே பண்ணிட்டேன்."

மாமியார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குப் பல்லு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அத்தை," என்றேன். "நம்ம பல்லுதான்."